எக்ஸ்ரே சொல்வதும் சொல்லாததும்

இல்லத்துப் பெரியவர் காலில் முள் தைத்துவிட்டது. சிறிது சிவப்பு, லேசான வீக்கம். பார்வைக்கு அற்பக் காயந்தான். அவரோ இரவெல்லாம் துடிக்கிறார். "இதற்கா இவ்வளவு?" என்று கேட்டுவிடாதீர்கள். காயத்துக்குப் பொருந்தாத அந்த வலியே முதல் எச்சரிக்கை.

நான் மருத்துவம் கற்றவனல்லன், படித்தறிந்ததைச் சொல்கிறேன். தசையைப் போர்த்திய மெல்லிய உறை வழியே கிருமிகள் பரவி, சதையை அழுகச் செய்யும் நோயை நெக்ரோடைசிங் ஃபேசியைட்டிஸ் என்பர். மணிக்கணக்கில் பரவக்கூடியது. நீரிழிவுள்ளோரை அதிகம் தாக்கும். வயலும் அரசலாற்று முகத்துவாரமும் கடலும் சூழ்ந்த நம் காரைக்காலில் உள்ளோர் மற்றொன்றையும் அறிய வேண்டும்: உவர்நீர் பட்ட புண் வழியே விப்ரியோ இனக் கிருமி புகுந்தும் இந்நோய் வரலாம்.

மறைவிடத்தில் தோன்றும் இதன் ஒரு வகையை 1883-ல் பாரிஸில் விவரித்தவர் ஃபூர்னியே என்னும் மருத்துவர். காரைக்கால் அப்போது பிரெஞ்சுக் கொடியின் கீழ் இருந்தது. ரான்ட்ஜன் எக்ஸ்ரேயைக் கண்டுபிடித்ததோ 1895-ல். ஃபூர்னியேவுக்குக் கண்ணும் கையுமே துணை. அவ்விடத்துப் புண்ணை வெட்கத்தால் மறைத்து, முற்றிய பின் வருவோர் இன்றும் உண்டு. சிகிச்சைக்கு அவசியமான அளவு மருத்துவரிடம் காட்ட மார்க்கம் அனுமதிக்கிறது என்பதை மாணவர்களுக்கு நான் வெளிப்படையாகவே சொல்லி வருகிறேன்.

இனி, படத்தின் கதை. இக்கிருமிகளுள் சில வாயுவை உண்டாக்கும். எக்ஸ்ரேயில் அது சதைக்குள் கருங்குமிழ்களாகவும் கீற்றுகளாகவும் தெரியும். அப்படித் தெரிந்தால் ஆபத்து மெய்யே. ஆயினும் நோயுற்றோர் பலருக்கு வாயு தெரிவதேயில்லை! 'எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை' என்று நிம்மதியடைந்து வீடு திரும்புவது இதனால்தான் ஆபத்து. சி.டி. ஸ்கேன் இன்னும் நுட்பமானது. உறை தடித்திருப்பதையும், அதனூடே நீர் கோத்திருப்பதையும், சிறு வாயுக் குமிழையும் காட்டும். எம்.ஆர்.ஐ. மேலும் தெளிவாகக் காட்டும். ஆனால் நேரம் பிடிக்கும். அந்த நேரந்தான் நம்மிடம் இல்லை. அறுத்துப் பார்க்கையில், உறை உயிரற்றுச் சாம்பல் நிறமாய், விரல் பட்டாலே பிரிந்து வருவதைக் கண்டே மருத்துவர் முடிவாக உறுதி செய்கிறார்.

ஆகையால், "ஸ்கேன் எடுக்காமலே கத்தி வைப்பதா?" என்று கையொப்பமிட மறுக்காதீர்கள். வளைகுடாவிலோ பிரான்சிலோ இருக்கும் மகனைக் கேட்டுச் சொல்கிறோம் என்று விடியும்வரை தள்ளவும் வேண்டா. அவர் அங்கிருந்து எதைப் பார்த்துச் சொல்வார்?

மஞ்சள் பற்றும் போடாதீர்கள். தோலின் நிறமாற்றத்தை அது மறைத்துவிடும். புறப்படுமுன் சிவப்பின் ஓரத்தைப் பேனாவால் வரைந்து, மணியைக் குறித்துக்கொள்ளுங்கள். மருத்துவமனையை அடைவதற்குள் சிவப்பு அந்தக் கோட்டைத் தாண்டியிருந்தால், வாசலிலேயே சொல்லிவிடுங்கள்.