சேர்க்கை மட்டும்தான் சரியில்லையா?

“சேர்க்கை சரியில்ல டாக்டர், மத்தபடி பையன் தங்கம்.” போதை மீட்புப் பிரிவில் ஒரு தகப்பனார் சொல்லிக்கொண்டிருந்தார். பெல்ட்டால் உரித்தும் பையன் திருந்தவில்லையாம். பேச்சுவாக்கில் தலையைக் கோதக் கையைத் தூக்கினார். பக்கத்தில் இருந்த பத்தொன்பது வயதுப் பையன் சட்டென்று தோளைக் குறுக்கிக்கொண்டான். அவர் அதைக் கவனிக்கவே இல்லை.

கெட்ட சகவாசம், திமிர், மனவுறுதி போதாது: கஞ்சாவுக்கு அடிமையானவனைப் பற்றி ஊர் சொல்கிற காரணங்கள் இவைதாம். முதல் இழுப்புக்குச் சேர்க்கை காரணம் என்றால் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒரே பொட்டலத்தைப் பங்கிட்டவர்களில் மற்றவர்கள் வேலை, கல்யாணம் என்று விலகிப் போக, ஒருவன் மட்டும் ஏன் மாட்டிக்கொள்கிறான்? கஞ்சாவைத் தொட்டவர்களில் ஏறத்தாழ பத்தில் ஒருவர் அடிமையாகிறார் என்று 1990-களிலேயே அமெரிக்காவில் கணக்கிட்டார்கள். அந்த ஒருவருக்கு மட்டும் திமிர் அதிகமா?

ஒருகரு இரட்டையரையும் இருகரு இரட்டையரையும் ஒப்பிட்ட ஆய்வுகள், இந்தப் பழக்கம் முற்றுவதில் ஆளுக்கு ஆள் காணும் வேறுபாட்டில் சுமார் பாதி மரபணு சார்ந்தது என்கின்றன. உடனே “ரத்தத்துலயே இருக்கு” என்று கைகழுவிவிடாதீர்கள். கஞ்சா பயன்படுத்திய 1,500-க்கும் மேற்பட்ட ஆஸ்திரேலியர்களைப் பற்றி 2015-இல் ஓர் ஆய்வு வெளியானது. நம் மூளையே கஞ்சாவைப் போல வேலை செய்யும் ஒரு பொருளைச் சுரக்கிறது. பதற்றத்தைத் தணிப்பதில் அதற்குப் பங்குண்டு. அதைச் சிதைக்கும் நொதியின் மரபணுவை அந்த ஆய்வாளர்கள் பார்த்தார்கள். அதில் ஒரு வடிவம் உள்ளவர்களுக்குச் சிறுவயதுப் பாலியல் கொடுமை கூடக்கூட அடிமைத்தன அறிகுறிகளும் கூடின. இன்னொரு வடிவம் உள்ளவர்களிடம் அப்படிக் கூடவில்லை. இதில் வேடிக்கை என்னவென்றால், ஆபத்தோடு சேர்ந்து வந்தது அபூர்வ வடிவமல்ல. பெரும்பாலோரிடம் உள்ள சாதாரண வடிவம்தான். கெட்ட ரத்தம் என்று யாரை ஒதுக்குவீர்கள்?

ஒரு மரபணுவை வைத்து யாருக்கும் ஜாதகம் கணிக்க முடியாதுதான். பல மரபணுக்கள் கொஞ்சம் கொஞ்சமாகப் பங்கேற்கும் விவகாரம் இது. அவற்றை நாம் மாற்ற முடியாது. ஆனால் பிள்ளைகள் படும் கொடுமையை நிறுத்த முடியும், அடி உட்பட.

அந்தப் பையனிடம் எல்லாரும் கேட்டது “யார் குடுத்தா?” என்றுதான். “வீட்டில் என்ன நடந்தது?” என்று நான் இருந்தவரை ஒருவரும் கேட்கவில்லை.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பிள்ளை இருந்தால், பெல்ட்டை இடுப்பிலேயே விட்டுவிட்டு 14446-ஐ அழையுங்கள். போதை மீட்புக்கான கட்டணமில்லா தேசிய உதவி எண் அது.