வாப்பாவின் கடையை மகன் வாங்க முடியாதா?

அண்மையில் எனது உறவுக்காரர் ஒருவரின் வீட்டில் சொத்துப் பங்கீடு நடந்தது. மௌத்தானவர் விட்டுச் சென்றது நகரில் ஒரு கடையும் அதன் பின்னால் ஒரு துண்டுக் காணியும். பிள்ளைகள் மூவர். மூத்தவர் கடையைப் பார்க்கிறார். தம்பி மெல்பேர்னில், தங்கை லண்டனில். மூத்தவருக்கு வேறிடத்தில் புதிய வியாபாரம் தொடங்கப் பணம் தேவைப்பட்டது. "காக்காவின் பங்கையும் தங்கச்சியின் பங்கையும் நான் எடுக்கிறேன், வாப்பாவின் கடை வெளி ஆளுக்குப் போகக் கூடாது" என்றார் மெல்பேர்ன் தம்பி. எல்லோருக்கும் சந்தோஷம். விலையும் பேசி முடிந்தது.

நொத்தாரிஸிடம் போனார்கள். அவர் கேட்ட முதல் கேள்வி, "தம்பி இப்போது எந்த நாட்டுப் பிரஜை?"

தம்பி அவுஸ்திரேலியப் பிரஜாவுரிமை எடுத்துப் பல வருடங்கள். இலங்கையில் பிறந்தவர்தான், வாப்பாவும் மூத்த வாப்பாவும் இந்த மண்ணில்தான் அடக்கப்பட்டிருக்கிறார்கள். ஆனால் நமது பிரஜாவுரிமைச் சட்டப்படி ஒருவர் தானாக விரும்பி வேறு நாட்டுப் பிரஜையானால் இலங்கைப் பிரஜாவுரிமை அத்தோடு நின்று விடும். யாரும் கடிதம் அனுப்பி அறிவிப்பதில்லை. ஆகவே பலருக்கு இது தெரிவதுமில்லை.

2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கக் காணிச் சட்டம் வெளிநாட்டவருக்குக் காணி உரிமை மாற்றுவதைத் தடுக்கிறது. நெருங்கிய உறவினர் என்றால் விலக்கு உண்டே என்று வாசகர்கள் கேட்கலாம். உண்டுதான். வாரிசாக வருவது, நன்கொடையாகக் கொடுப்பது, மரண சாசனத்தால் கிடைப்பது, இவற்றுக்கு விலக்குண்டு. ஆகவே தம்பிக்கு வாப்பாவின் சொத்தில் உள்ள பங்கு எங்கும் போகவில்லை. காசு கொடுத்து வாங்குவதுதான் சிக்கல். நமது வீடுகளில் நடப்பதோ பெரும்பாலும் அதுதான். ஒரு கடையை மூன்றாக வெட்ட முடியாது. ஒருவர் எடுத்து மற்றவர்களுக்குக் காசு கொடுப்பதுதான் வழமை.

இரட்டைப் பிரஜாவுரிமை உள்ளவருக்கு இந்தத் தடை இல்லை. இந்த ஏற்பாடு 1987ஆம் ஆண்டுத் திருத்தத்தோடு வந்தது. 2011இல் வழங்குவதை நிறுத்தினார்கள், 2015இல் மீண்டும் தொடங்கினார்கள். பிரஜாவுரிமையை இழந்தவர் விண்ணப்பிக்கலாம். வேறு நாட்டுப் பிரஜாவுரிமை எடுக்கப் போகிறவர் முன்கூட்டியே விண்ணப்பித்து இலங்கையரின் உரிமையை வைத்துக் கொள்ளவும் இடமுண்டு. தானாகக் கிடைப்பதல்ல, நாட்டுக்குப் பயன் என்று அமைச்சர் திருப்திப்பட வேண்டும். (2022இன் 21ஆவது திருத்தத்தின் பிறகு இரட்டைப் பிரஜைகள் பாராளுமன்றம் போக முடியாது. நமது பிள்ளைகள் கடைக்குப் போனால் போதும்.)

இதைவிட எனக்குக் கவலை தருவது பேரப்பிள்ளைகளின் விடயம். "பாட்டன் பூட்டன் எல்லாம் இலங்கை, எப்போது கேட்டாலும் தருவார்கள்" என்று பலரும் எண்ணுகிறார்கள். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. வெளிநாட்டில் பிறந்த பிள்ளைக்கு வம்சாவழிப் பிரஜாவுரிமை கிடைக்க, பிறக்கும் வேளையில் பெற்றோரில் ஒருவர் இலங்கைப் பிரஜையாக இருக்க வேண்டும். ஒரு வருடத்துக்குள் அந்நாட்டிலுள்ள நமது தூதரகத்தில், அல்லது இங்கே அதற்குரிய அலுவலகத்தில், பிறப்பைப் பதிய வேண்டும். நியாயமான காரணம் இருந்தால் பிந்தியும் அனுமதிக்கலாம். பாட்டனார் மட்டும் இலங்கையர் என்பது இங்கே செல்லாக் காசு. மகன் முதலில் அவுஸ்திரேலியரானார், பிறகு பிள்ளை பிறந்தது என்றால், வாப்பா வழியில் அந்தக் கதவு மூடிவிட்டது. உம்மா இன்னும் இலங்கைப் பிரஜை என்றால் அவர் வழியில் பதியலாம். 2003க்கு முன் வாப்பா வழி மட்டும்தான் செல்லும், அந்த வருடத் திருத்தம்தான் உம்மாவையும் சேர்த்தது. பெண் மக்களை வெளிநாட்டில் கட்டிக் கொடுத்தவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

பதிந்தாலும் வேலை முடியவில்லை. பிறந்த நாட்டின் பிரஜாவுரிமையும் அந்தப் பிள்ளைக்கு இருந்தால், 22 வயதில் இலங்கைப் பிரஜாவுரிமை நின்றுவிடும். அதன் பிறகு இரட்டைப் பிரஜாவுரிமைக்கு விண்ணப்பிக்கலாம். ஆனால் முன்பு பிரஜையாக இருந்தவர்தானே இழந்ததைக் கேட்க முடியும்? ஒருபோதும் பதியப்படாத பிள்ளை எதை இழந்ததாகச் சொல்வது?

எனது மூத்த வாப்பா காயல்பட்டினத்திலிருந்து வந்தவர். 1948ஆம் ஆண்டுச் சட்டம் இங்கே பிறந்தவரிடமே தகப்பனும் இங்கே பிறந்தவரா என்று கேட்டது. அவரைப் போன்ற இந்தியச் சோனகர்களுக்கு 1949இன் இந்திய பாகிஸ்தானிய வதிவாளர் சட்டம் ஒன்றே வழி. மணமானவர் என்றால் 1946க்கு முன் 7 வருடம் தொடர்ந்து இங்கே வாழ்ந்ததை நிரூபிக்க வேண்டும், விண்ணப்பிக்க 2 வருட அவகாசம். அவர் கடை வாடகைச் சிட்டைகளையும் பேரேடுகளையும் ஒரு தகரப் பெட்டியில் கட்டி வைத்திருந்தார். அவர் காலமாகிப் பல வருடம் கழித்தும் அந்தப் பெட்டியைத் திறக்க வாப்பா எங்களை விடமாட்டார். இன்று நாமோ பேரனின் படத்தை நூறு பேருக்கு அனுப்புகிறோம், பிறப்பைப் பதிந்தாயா என்று மகனிடம் ஒரு தடவை கேட்பதில்லை.

பெயர் விடயமும் இருக்கிறது. ஒருவருடைய பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தில் "முகம்மது லெப்பை", விவாகப் பதிவில் "மொஹமட்", கடவுச்சீட்டில் இன்னொரு எழுத்து. ஊருக்குள் எல்லோருக்கும் ஒரே ஆள், கோவையைப் பார்க்கும் அதிகாரிக்கு மூன்று ஆட்கள். வாப்பா உயிரோடு இருக்கும்போது திருத்துவது இலேசு, பிறகு சத்தியக் கடதாசியும் அலைச்சலும்தான்.

மெல்பேர்ன் தம்பி இப்போது விண்ணப்பித்திருக்கிறார். அவரது பிறப்புப் பத்திரத்தில் வாப்பாவின் பெயர் ஓர் எழுத்து மாறிக் கிடந்ததால், அதைத் திருத்தவே முதலில் ஆள் அலைய வேண்டி வந்தது. மூத்தவர் புதிய இடத்துக்கு முற்பணம் கொடுத்து விட்டார், மீதிக்குத் தவணை நெருங்குகிறது. பக்கத்துக் கடைக்காரர் நல்ல விலை சொல்லி இரண்டு தடவை வந்து போயிருக்கிறார்.