கொலைத் திட்டம் பேசிய மாளிகை

ஜெர்மனியின் தலைநகரம் பெர்லின். அதன் தென்மேற்கு ஓரத்தில் 'வான்சே' என்ற பெரிய ஏரி இருக்கிறது. ஏரிக்கரையில் ஓர் அழகான மாளிகை. அதை யாரும் இடிக்க முடியாதபடி சட்டம் காக்கிறது. ஏன்?

மருந்து வியாபாரத்தில் பணம் குவித்த எர்ன்ஸ்ட் மார்லியர் என்பவர் 1914-15-ல் இதைக் கட்டினார். திட்டம் போட்டுக் கொடுத்தவர் பால் பவும்கார்ட்டன் என்ற கட்டிடக் கலைஞர். உள்ளே விசாலமான அறைகள். பனிக்காலத்திலும் செடி வளர்க்க ஒரு கண்ணாடிக் கூடம். பின்னால் ஏரி வரை தோட்டம்.

1921-ல் மாளிகை கை மாறியது. 1940-ல் ஹிட்லரின் 'எஸ்.எஸ்.' படையைச் சேர்ந்த ஓர் அமைப்பு அதை விலைக்கு வாங்கியது. அது விருந்தினர் விடுதி ஆயிற்று.

90 நிமிடப் பேச்சு

1942 ஜனவரி 20-ந் தேதி அங்கே 15 பேர் கூடினார்கள். ஹெய்ட்ரிச் தலைமை வகித்தான். வந்தவர்கள் உயர் அதிகாரிகள். பாதிப் பேருக்கு மேல் டாக்டர் பட்டம் பெற்றவர்கள்!

யூதர்களைக் கொல்வது முன்பே தொடங்கிவிட்டது. மிச்சம் இருப்பவர்களை ஒழிக்க எந்த இலாகா என்ன செய்வது? இதுதான் பேச்சு. நாடு வாரியாகக் கணக்கு எழுதினார்கள். மொத்தம் 1 கோடியே 10 லட்சம் உயிர்கள்! சுமார் 90 நிமிடத்தில் கூட்டம் முடிந்தது.

போர் முடிவதற்குள் ஏறத்தாழ 60 லட்சம் யூதர்கள் கொல்லப்பட்டார்கள்.

நிறைவேறாத ஆசை

1952 முதல் மாளிகை பள்ளிப் பிள்ளைகள் தங்கும் விடுதியாக இருந்தது. ஆஷ்விட்ஸ் முகாமில் இருந்து உயிர் தப்பிய ஜோசப் வுல்ஃப் என்ற சரித்திர ஆசிரியர், "நடந்ததை உலகுக்குச் சொல்லும் இடமாக இதை ஆக்குங்கள்" என்று கேட்டுப் போராடினார். அதிகாரிகள் இணங்கவில்லை. ஆசை நிறைவேறாமலே அவர் 1974-ல் இறந்தார்.

கூட்டம் நடந்து சரியாக 50 ஆண்டு கழித்து, 1992 ஜனவரி 20-ந் தேதி அங்கே நினைவு இல்லம் திறக்கப்பட்டது. அதன் நூல் நிலையத்துக்கு வுல்ஃபின் பெயரையே சூட்டினார்கள்.

சாட்சி வேண்டும்

"பிள்ளைகள் விளையாடும் இடத்தில் பழைய கொடுமையைக் கிளறுவானேன்?" என்று கேட்பது இரக்கம் போலத் தோன்றும். ஆனால் அந்தக் கொடுமையை முதலில் அறியவேண்டியவர்கள் பிள்ளைகள்தான்.

பாதகம் இருட்டில்தான் பிறக்கும் என்று பலர் எண்ணுகிறார்கள். இங்கே அது பட்டப்பகலில், நல்ல அறையில், படித்தவர்களின் பேனா முனையில் வளர்ந்தது. இடிந்த சுவரைவிட இந்த அழகிய மாளிகைதான் அதற்குப் பலமான சாட்சி.

சாட்சியைக் காப்பது செத்தவர்களுக்குச் செய்யும் மரியாதை. இருப்பவர்களுக்கு அது எச்சரிக்கை!