கொசுவின் உடம்புக்குள்ளே ஒரு போர்



நமக்குக் காய்ச்சல் கண்டால் கிளினிக்குக்கு ஓடுகிறோம். கொசுவுக்கு நோய் வந்தால் அது எங்கே போகும்? சிரிக்காதீங்க. டிங்கியை அடக்க வந்திருக்கும் ஒரு புது முறையின் ரகசியம் இந்தக் கேள்விக்குள்தான் இருக்கிறது. அந்த முறை பட்டணத்துக்கு வந்துவிட்டது. நம் தோட்டத்துக்கு அது எவ்வளவு தூரம் உதவும் என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு. அதை இம்மாதம் விளக்கமாகச் சொல்கிறேன்.

கொசுப்புழுவை, அதாவது மலாய்க்காரர்கள் ஜெந்திக்-ஜெந்திக் என்பார்களே, அதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். தேங்கிய தண்ணீரில் உள்ள பாக்டீரியாக் கிருமிகளையும் பாசியையும் தின்றுதான் அது வளர்கிறது. பெரிய கொசுவான பிறகும் அதன் குடலுக்குள் பாக்டீரியா குடியிருக்கும். ஒரு வயிறு இரத்தம் குடித்துவிட்டால் அவை பல மடங்கு பெருகும். அப்படியும் கொசு செத்துப் போவதில்லையே, ஏன்?

ஒருமுறை வந்த கிருமியை ஞாபகம் வைத்து எதிர்க்கும் பொருள் நம் இரத்தத்தில் உண்டு. தடுப்பூசி வேலை செய்வதும் அதனால்தான். கொசுவுக்கு அந்த வசதி கிடையாது. ஆனால் அதன் உடம்பிலும் ஜாகா இருக்கிறான். பாக்டீரியாவின் மேல்தோலில் உள்ள சில பொருள்களைக் கொண்டே, "அந்நியன் வந்துவிட்டான்" என்று அவன் அடையாளம் கண்டுகொள்வான். உடனே வேலை தொடங்கிவிடும். சில உயிரணுக்கள் கிருமியை அப்படியே விழுங்கும். சில கிருமிகளைச் சுற்றிக் கறுப்பாக ஓர் உறை படிந்து, அவை மூச்சுத் திணறிச் சாகும். கொசுவின் கொழுப்புத் திசுவோ ஒரு மருந்துத் தொழிற்சாலையாக மாறி, டிஃபென்சின், செக்ரோபின் என்ற கிருமிக்கொல்லிகளைச் சில மணி நேரத்திலேயே செய்து இரத்தத்தில் விடும்.

இந்தத் தொழிற்சாலைக்குச் சங்கு ஊதும் விசைகளில் ஒன்றுக்கு 'டோல்' என்று பெயர். நோயை எதிர்க்க டோல் எப்படி உதவுகிறது என்பதை 1996-இல் பழ ஈயில் கண்டுபிடித்தவர் ஜூல்ஸ் ஹோஃப்மன். அதற்காக 2011-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. ஈயை ஆராய்ந்தவருக்கு நோபலா என்று கேட்காதீங்க, நம் உடம்பிலும் அதே குடும்பத்து விசைகள் உண்டு.

இனி டிங்கி விஷயத்துக்கு வருவோம். டிங்கிக் கிருமி பாக்டீரியா அல்ல, அது வைரஸ். ஆனாலும் பாக்டீரியாவுக்காக விழித்திருக்கும் ஜாகா, வைரஸையும் சேர்த்தே விரட்டுகிறான். 2008-இல் அமெரிக்க விஞ்ஞானிகள் ஏடிஸ் கொசுக்களுக்கு மருந்து கொடுத்து, குடலில் இருந்த பாக்டீரியாவை ஒழித்துப் பார்த்தார்கள். அந்தக் கொசுக்களில் டிங்கி வைரஸ் முன்னைவிட அதிகமாகப் பெருகியது. திருட்டுப் பயம் இல்லாத இடத்தில் ஜாகா தூங்கிப் போவது நமக்குத் தெரியாததா?

ஜாகாவை எப்போதும் விழிக்க வைத்திருக்க ஒரு கிருமி கிடைத்தது. வோல்பாக்கியா என்ற பாக்டீரியா. 1924-இலேயே ஹெர்ட்டிக், வோல்பாக் என்ற இருவர் இதைக் கொசுவில் கண்டார்கள். தாய்க் கொசுவிடமிருந்து முட்டை வழியாகப் பிள்ளைக்குப் போகும். வீட்டுக்குள் திரிந்து டிங்கி பரப்பும் ஏடிஸ் ஈஜிப்தியில் இயற்கையாக இது இல்லை. 2005-இல் வேறொரு கொசுவிலிருந்து எடுத்து இதனுள் செலுத்தினார்கள். புது விருந்தாளி வந்ததும் வீடே அமளிப்பட்டு, டோல் விசை திறந்துகொள்கிறது. அதன் பிறகு டிங்கி வைரஸ் நுழைந்தால், அங்கே ஏற்கனவே ஆயுதம் தயார். உடம்பிலுள்ள கொழுப்புச் சத்துக்கு வோல்பாக்கியாவும் வைரஸும் போட்டி போடுவதும் ஒரு காரணம் என்கிறார்கள்.

கோலாலம்பூர் மருத்துவ ஆய்வுக் கழகம் 2017 முதல் ஷா ஆலாம் 7-ஆவது செக்‌ஷன், கிராமாட் ஏயூ2 போன்ற சிலாங்கூர்ப் பகுதிகளில் இத்தகைய கொசுக்களைப் பறக்கவிட்டது. அங்கே டிங்கி ஏறக்குறைய 40 விழுக்காடு குறைந்ததாக 2019-இல் முடிவு வெளியானது. இந்தோனேசியாவின் யோக்யாகார்த்தாவில் 77 விழுக்காடு குறைந்ததாக 2021-இல் அறிவித்தார்கள். நம்ம பாண்டிச்சேரியில் உள்ள கொசு ஆராய்ச்சி நிலையமும் 2022-இல் இத்தகைய கொசுக்களை உருவாக்கியது. "கிருமியை ஏற்றிக் கொசுவை விடுறாங்களாமே" என்று பயப்படுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: வோல்பாக்கியா மனித உடம்பில் வாழாது. உலகத்துப் பூச்சி இனங்களில் ஏறக்குறைய பாதியில் அது காலங்காலமாக இருப்பதுதான்.

நல்ல வேலை, பாராட்டுகிறேன். ஆனால் எனக்குள்ள சந்தேகம் இதுதான். அந்த வோல்பாக்கியாவை எந்தக் கொசுவிலிருந்து எடுத்தார்கள் தெரியுமா? காலில் வெள்ளை வரி போட்ட ஏடிஸ் அல்போபிக்டஸ், அதாவது புலிக்கொசுவிலிருந்து! ரப்பர் காட்டிலும், தேங்காய்ச் சிரட்டையிலும், பழைய டயரிலும், லயத்துக்குப் பின்னால் புதரிலும் இருந்து பட்டப்பகலில் நம்மைக் கடிப்பது அதுதான். அதற்குள் வோல்பாக்கியா தலைமுறை தலைமுறையாகக் குடியிருக்கிறது. விருந்தாளி பழகிப்போய்க் குடும்பத்து ஆளாகிவிட்டான். அவனைக் கண்டு ஜாகா இப்போது சங்கு ஊதுவதில்லை. ஆகவே புலிக்கொசு வோல்பாக்கியாவையும் சுமந்துகொண்டு டிங்கியையும் பரப்புகிறது. பட்டணத்துக் கொசுவுக்குச் செய்த வைத்தியம் தோட்டத்துக் கொசுவைத் தொடாது. "விஞ்ஞானம் வந்துவிட்டது, இனிக் கவலை இல்லை" என்று நிர்வாகங்கள் கையைக் கட்டிக்கொள்ளப் பார்த்தால், நாம் கேட்க வேண்டிய கேள்வி நிறைய இருக்கிறது.

முதல் கேள்வி மங்கைப் பற்றியது. இலையுதிர் காலத்தில் வெட்டு நிற்கும்போதும், ஆள் பற்றாமல் நிரையை விட்டுவிடும்போதும், மரத்துக்கு ஒரு மங்கு வாய் பார்த்தபடி மழைத் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. ஏழு முதல் பத்து நாளில் முட்டை கொசுவாகிவிடும். ஐந்நூறு மரமென்றால் ஐந்நூறு கொசுத்தொட்டி. கவிழ்த்து வைக்க வேண்டும் என்பது எல்லாருக்கும் தெரியும். கவிழ்ப்பது யார்? பாலை நிறுக்கத் தராசு இருக்கிறது, கவிழ்த்த மங்கை நிறுக்க எந்தத் தராசும் இல்லை. வெட்டு முடித்து, பால் தூக்கி, கால் ஓய்ந்தவரிடம் "போய்க் கவிழ்த்துட்டு வாங்க" என்று சும்மா சொல்வது நியாயமா? அதைத் தனி வேலையாகக் கணக்கில் எழுதி, அதற்குக் கூலி தர வேண்டும் என்பது என் கருத்து.

அடுத்தது தண்ணீர். குழாய் ஒழுங்காக வந்தால் யாரும் டிரம்மில் பிடித்து வைக்கப்போவதில்லை. குழாய்த் தண்ணீரும் வீட்டுப் பழுதும் முதலாளியின் கடமை என்று 1990-ஆம் ஆண்டு தொழிலாளர் வீட்டு வசதிச் சட்டம் இருக்கிறது. கொசு வளர விட்டால் தண்டனை என்று 1975-ஆம் ஆண்டுச் சட்டமும் இருக்கிறது. அந்தச் சட்டம் லயத்து வாசல் டப்பாவுக்கு மட்டுமல்ல, மேட்டிலுள்ள காட்டுக்கும்தான்.

புகை அடிப்பதை நம்பி இருக்காதீங்க. புகை பறக்கும் கொசுவைத்தான் தொடும், மங்கில் உள்ள புழுவைத் தொடாது. அந்த மருந்துக்குத் தாங்கும் ஏடிஸ் கொசுக்களும் இந்நாட்டில் பெருகிவிட்டன.

அடுத்த கிளைக் கூட்டத்துக்கு வரும்போது, உங்கள் நிரையில் வெட்டாமல் கிடக்கும் மரம் எத்தனை, மங்கு எத்தனை என்று ஒரு தாளில் குறித்துக் கொண்டு வாருங்கள். செம்பனையில் வேலை செய்கிறவர்கள் டயர், டிரம் கணக்கைக் கொண்டு வரட்டும். நிர்வாகத்திடம் கோரிக்கை வைக்க அந்தக் கணக்கு வேண்டும்.