300 கிலோமீட்டருக்கு எத்தனை மணி நேரம்?

கோலாலம்பூருக்கும் சிங்கப்பூருக்கும் இடையே வான்வழித் தூரம் ஏறக்குறைய 300 கிலோமீட்டர். கால அட்டவணைப்படி பயண நேரம் சுமார் 1 மணி. உலகில் மிக அதிகமாக விமானங்கள் பறக்கும் அனைத்துலகத் தடங்களில் இதுவும் ஒன்று.

மாணவர்களே, ஒரு கணக்கைப் போட்டுப் பாருங்கள். கோலாலம்பூரிலிருந்து சென்னை சுமார் 2,600 கிலோமீட்டர். பயணம் ஏறக்குறைய 4 மணி. சராசரி வேகம் மணிக்கு 650 கிலோமீட்டர். சிங்கப்பூர்ப் பயணத்தின் சராசரியோ வெறும் 300தான். ஓடுபாதைக்குச் செல்வது, மேலேறுவது, இறங்குவது, வரிசையில் காத்திருப்பது ஆகியவற்றுக்கான நேரம் தூரம் குறைந்தாலும் பெரிதாகக் குறைவதில்லை. அதனால் குறுகிய தூரத்தில் விமானம் தன் முழு வேகத்தைக் காட்டவே முடிவதில்லை.

வீட்டு வாசலிலிருந்து கணக்கிட்டால் நிலைமை இன்னும் மாறும். கோலாலம்பூர்வாசி கேஎல்ஐஏ செல்ல 1 மணி, முன்கூட்டியே சென்று காத்திருக்க 2 மணி, பறக்க 1 மணி, சாங்கியில் இறங்கி நகருக்குள் செல்ல 1 மணி: மொத்தம் 5 மணி.

மலாக்காவில் இருக்கும் நமக்கு? சிங்கப்பூர் தெற்கே இருக்கிறது. விமானம் ஏற நாம் வடக்கே சுமார் 120 கிலோமீட்டர் போக வேண்டும். அதற்கே 2 மணி ஆகலாம். கூட்டினால் 6 மணி. மலாக்கா சென்ட்ரலில் பேருந்து ஏறினால், எல்லையில் நெரிசல் இல்லாத நாளில், ஏறக்குறைய 4 மணியில் போய்விடலாம். ஆகவே, '1 மணி நேரம்' என்ற விளம்பரம் நமக்கானதன்று.

நமக்கானது வேறொன்று இருந்தது. 2016 டிசம்பர் 13-இல் இரு நாடுகளும் கையெழுத்திட்ட அதிவிரைவு ரயில் திட்டம் அது. சுமார் 350 கிலோமீட்டரை 90 நிமிடத்தில் கடக்கும் அந்தத் தடத்தின் 8 நிலையங்களில் மலாக்காவும் ஒன்று. இருமுறை ஒத்திவைக்கப்பட்ட திட்டம் ரத்தானதாக 2021 ஜனவரி 1-இல் அறிவிக்கப்பட்டது. சிங்கப்பூருக்கு மலேசியா 10 கோடியே 28 லட்சம் சிங்கப்பூர் வெள்ளி இழப்பீடு கொடுத்தது. 2023-இல் தனியார் நிறுவனங்களிடம் புதிய யோசனைகள் கேட்கப்பட்டன.

மலாக்கா ரயிலை இழந்தது இது முதன்முறை அன்று. தம்பினிலிருந்து மலாக்கா நகருக்கு ஒரு கிளைப்பாதை இருந்தது. ஜப்பானியர் ஆட்சியில் அதன் தண்டவாளங்கள் பெயர்த்தெடுக்கப்பட்டு சயாம்-பர்மா ரயில் பாதைக்குக் கொண்டு போகப்பட்டன. அந்த மரண ரயில் பாதை பல்லாயிரம் தமிழ்த் தோட்டத் தொழிலாளர்களின் உயிரையும் குடித்தது. கிளைப்பாதை மீண்டும் போடப்படவே இல்லை. இன்றும் நமக்கு அருகிலுள்ள ரயில் நிலையம் புலாவ் சேபாங்தான்.

அதிவிரைவு ரயில் மீண்டும் வந்தால் மகிழ்ச்சியே. ஆனால் ஜாசினிலோ அலோர் காஜாவிலோ ஒரு தோட்டத்தில் வாழும் மாணவருக்கு 90 நிமிடம் என்ற எண் மட்டும் போதாது என்பது என் கருத்து. தோட்டத்து முச்சந்திக்குப் பேருந்து எத்தனை மணிக்கு ஒருமுறை வருகிறது? கடைசிப் பேருந்து எப்போது? மோட்டார் சைக்கிள் இல்லாத வீட்டுப் பிள்ளை எப்படி நிலையம் போய்ச் சேருவார்? கல்லூரியையும் வேலையையும் தேர்ந்தெடுக்கும்போது பலருக்குத் தடையாக நிற்பது இந்தக் கேள்விகள்தாம்.

அடுத்த முறை ஒரு போக்குவரத்துத் திட்டம் அறிவிக்கப்படும்போது, எந்த வாசலிலிருந்து எந்த வாசலுக்கு அந்த நேரம் கணக்கிடப்பட்டது என்று கேளுங்கள். உங்கள் வீட்டு வாசலிலிருந்து நீங்களே கூட்டிப் பாருங்கள்.