ஒரு சந்தா, எத்தனை கருவி?

கடையில் வாங்கிப் போடும் நாளிதழை முதலாளி படிப்பார், கணக்கர் படிப்பார், சரக்கு இறக்க வந்த லாரி டிரைவரும் படிப்பார். இத்தனை பேர்தான் படிக்கலாம் என்று எந்தப் பத்திரிகையும் சொன்னதில்லை. இன்று விலை நிலவரம் பார்க்க இணையப் பத்திரிகைக்குச் சந்தா கட்டுகிறோம். கடை கம்ப்யூட்டரில் திறந்தால், குடோனில் இருக்கும் மகனின் செல்போனில் மூடிக்கொள்கிறது!

வரம்பு வைப்பது விற்பவர் உரிமை. செய்தி திரட்டச் செலவு உண்டு. நியூயார்க் டைம்ஸ் 2011-லேயே இணையத்தில் கட்டணம் வைத்துவிட்டது. படம் காட்டும் நெட்பிளிக்ஸும் 2023 ஜூலையில் இந்தியாவில் ‘ஒரு கணக்கு ஒரு வீட்டாருக்கே’ என்றது. ஆனால் பணம் வாங்கும் முன் தெளிவாகச் சொல்ல வேண்டாமா? பருப்புப் பொட்டலத்தில் எடையும் விலையும் அச்சிடாவிட்டால், 2009-ஆம் ஆண்டின் எடையளவுச் சட்டப்படி நமக்கு அபராதம். அவர்களோ கருவிக் கணக்கை நிபந்தனைகளின் அடியில் பொடி எழுத்தில் வைக்கிறார்கள்.

சந்தாவை ரத்து செய்யவிடாமல் சிக்க வைப்பதை மத்திய அரசு 2023 நவம்பரில் தடை செய்தது. அதுபோல, எத்தனை கருவி என்பதையும் விலைக்குப் பக்கத்திலேயே போடச் சொல்லி நமது சங்கம் நுகர்வோர் விவகாரத் துறைக்கு எழுத வேண்டும். கடைக்கென்று ஐந்து பேர் சந்தா தனி விலையில் கொடுத்தால், வாங்க நாம் தயார்.