மூடிய கடை திறந்ததற்கு யார் பொறுப்பு?

ஆசிரியர் அவர்களுக்கு,

எங்கள் தாமான் (குடியிருப்பு) கடைவரிசையில் போலீஸ் சோதனையிட்டு மூடிய சூதாட்டக் கடை கடந்த வாரம் மறுபடியும் திறந்துவிட்டது. அதே கறுப்புக் கண்ணாடிக் கதவு, அதே கேமரா, வாசலில் அதே காவல் ஆள். மின்சாரத்தைத் துண்டித்தார்களே என்று நினைத்தோம். பின்சந்தில் ஜெனரேட்டர் ஓடுகிறது. மேல்மாடியில் பிள்ளைகள் டியூஷன் படிக்கிறார்கள். புகார் கொடுக்கப் போன எங்களிடம் புகார் முகப்பில் இருந்த ஓர் அதிகாரி சொன்ன பதில்: “யாரும் யாரையும் கையைப் பிடித்து இழுத்துப் போய் ஆட வைக்கவில்லையே அம்மா. அவரவர் விருப்பம்.”

அவரவர் விருப்பமா? எங்கள் தெருவில் ஒரு வீட்டுச் சுவரில் சென்ற மாதம் வட்டி முதலைகள் சிவப்புச் சாயத்தை ஊற்றினார்கள். வெளிக்கதவைச் சங்கிலியால் பூட்டினார்கள். அந்த வீட்டு மகனுடைய அடையாள அட்டையின் நகலைத் தெருக் கம்பங்களில் ஒட்டினார்கள். மகன் விடியுமுன் மோட்டார் சைக்கிளில் பாலம் தாண்டி சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறவர். சம்பளம் கைப்பேசி ஸ்லாட்டில் கரைந்தது. அதற்கு கிரெடிட் ஏற்றிக் கொடுத்தது இந்தக் கடைதான். பிறகு தாயாரின் தாலிக்கொடி அடகுக்குப் போனது. பிறகு வந்தது ஆ லோங் என்னும் வட்டி முதலைகளின் கடன். அந்த அம்மா வாழ்நாளில் ஒரு நம்பர்கூட எழுதியதில்லை. பூட்டிய கதவுக்குள் நின்று அவர் அழுதபோது அவருடைய விருப்பத்தை யார் கேட்டார்கள்? சுவரில் ஏன் சாயம் என்று பள்ளியில் கேலிக்கு ஆளான பேரப்பிள்ளையின் விருப்பத்தை யார் கேட்டார்கள்? ஆடுகிறவன் ஒருவன், அழுகிறது குடும்பம். இதைத் தனிமனித விருப்பம் என்று சொல்ல ஓர் அரசு ஊழியருக்கு எப்படி மனம் வந்தது?

சூதாட்டத்தால் நாட்டுக்கு நன்மையும் உண்டே என்று சிலர் வாதாடுகிறார்கள். கெந்திங் மலைச் சூதாட்ட விடுதி 1971 முதல் ஆயிரக்கணக்கானவர்களுக்கு வேலை கொடுத்திருக்கிறது. ஸ்போர்ட்ஸ் டோட்டோ என்னும் நம்பர் நிறுவனத்தை 1969இல் விளையாட்டுத் துறைக்கு நிதி திரட்ட அரசாங்கமே தொடங்கியது. 1985இல் அது தனியார் கைக்குப் போனது. உரிமம் பெற்றவர்கள் வரி கட்டுகிறார்கள், நன்கொடை தருகிறார்கள். எல்லாம் சரி. எங்கள் கடைவரிசையில் ஜெனரேட்டர் வைத்து நடத்துகிறவன் எந்த வரியைக் கட்டினான்? எந்தப் பள்ளிக்குக் கூரை போட்டான்? உரிமக்காரர்களின் நியாயத்தைக் கள்ளக் கடைக்கு யாரும் இரவல் கொடுக்க வேண்டாம்.

அந்த உரிம ஆட்டத்தின் கணக்கையும் நம்மவர்கள் ஒருமுறை போட்டுப் பார்க்க வேண்டும். நாலு இலக்க நம்பர் ஆட்டத்தில் ‘பெரியது’ என்ற வகையில் ஒரு வெள்ளிக்கு (ரிங்கிட்டுக்கு) முதல் பரிசு 2,500, இரண்டாவது 1,000, மூன்றாவது 500. சிறப்புப் பரிசு பத்து எண்களுக்குத் தலா 180, ஆறுதல் பரிசு பத்து எண்களுக்குத் தலா 60. மொத்தமுள்ள 10,000 எண்களுக்கும் ஒவ்வொரு வெள்ளி கட்டினால் கைக்குத் திரும்புவது 6,400 வெள்ளி. வெள்ளிக்கு 64 காசு! கனவில் வந்த பாம்புக்கும் விபத்தில் நொறுங்கிய காரின் எண்ணுக்கும் பணம் கட்டுகிறவர்கள் இதைத்தான் அதிர்ஷ்டம் என்கிறார்கள். ஆனாலும் இங்கே பரிசுப் பட்டியல் கண்முன் இருக்கிறது. குலுக்கலுக்குக் குறித்த நாள் இருக்கிறது. கள்ள ஸ்லாட்டில் இரவும் இல்லை, பகலும் இல்லை. எவ்வளவு திரும்பும் என்று கேட்கவும் ஆள் இல்லை.

கெடா மாநிலம் 2023 ஜனவரி முதல் நாளிலிருந்து நம்பர் கடைகளுக்குத் தடை போட்டதுபோல் எங்கள் ஜொகூர் மாநிலமும் செய்தால் தீர்ந்தது என்பார்கள் சிலர். தீராது. கள்ளக் கடையைப் பூட்டி வைக்கத் தெரியாத கைகள் உரிமக் கடையைப் பூட்டினால், ஆடுகிறவர்கள் நேராகக் கள்ளக் கடைக்குத்தான் போய்ச் சேருவார்கள்.

2024 ஏப்ரலில் ஜொகூரின் ஃபாரஸ்ட் சிட்டியில் சூதாட்ட மையம் கொண்டுவரப் பெரிய முதலாளிகளுடன் பேச்சு நடந்தது என்று வெளிநாட்டு ஊடகம் ஒன்று எழுதியதும் பிரதமர் உடனே மறுத்தார். போலீஸ் விசாரணையும் தொடங்கியது. வராத சூதாட்ட மையத்துக்கு அவ்வளவு வேகம். எங்கள் கண்ணெதிரே நடக்கிற கடைக்கு ஏன் இந்த மந்தம்? பெரிய முதலாளிகளின் பெயர் அடிபட்டால்தான் அதிகாரம் விழித்துக்கொள்ளுமா? தாமான்வாசிகள் கொடுக்கும் புகார் மனுவுக்கு அலமாரிதான் கதியா?

பாலத்துக்கு அந்தப் பக்கம் பாருங்கள். 2010இல் இரண்டு சூதாட்ட மையங்களைத் திறந்த சிங்கப்பூர், தன் குடிமக்களும் நிரந்தரவாசிகளும் உள்ளே போக நாளொன்றுக்கு 100 சிங்கப்பூர் வெள்ளி கட்டணம் வைத்தது. 2019இல் அதை 150 ஆக்கியது. ஆட்டத்தில் மூழ்கிய ஒருவரை உள்ளே விடாதீர்கள் என்று அவருடைய குடும்பத்தார் மனுச் செய்து தடையுத்தரவு வாங்க அங்கே வழி இருக்கிறது. ஜொகூரிலிருந்து போகிற நம் பிள்ளைகளுக்கு அந்த நுழைவுக் கட்டணம்கூடக் கிடையாது. அவர்கள் தம் மக்களைக் காக்க ஏற்பாடு செய்துகொண்டார்கள். நம் மக்களுக்காக நாம் என்ன செய்தோம்?

மலேசியாவில் நம்மிடம் இருப்பது 1953ஆம் ஆண்டின் சூதாட்டச் சட்டங்கள். நாடு சுதந்திரம் அடையும் முன்பே எழுதப்பட்டவை. அவற்றை இணையச் சூதாட்டத்துக்கு ஏற்றபடி திருத்தப் போகிறோம் என்று அமைச்சர்கள் மாறி மாறிச் சொல்லிவிட்டார்கள். தமிழ்நாடு 2022இல் ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் குழு அமைத்து, அதே ஆண்டில் இணையச் சூதாட்டத்துக்கு எதிரான மசோதாவையும் சட்டமன்றத்தில் நிறைவேற்றியது; 2023இல் அது சட்டமானது. 2025 ஆகஸ்டில் இந்திய நாடாளுமன்றமே பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளுக்குத் தடை விதித்தது. நாம் இன்னும் ஆய்வு செய்துகொண்டிருக்கிறோம்.

புதுச் சட்டம் வரும்வரை காத்திருக்கவும் தேவையில்லை. சூதாட்டம் நடக்கத் தெரிந்தே இடம் கொடுக்கும் கட்டட உரிமையாளரைப் பழைய சட்டத்திலேயே பிடிக்கலாம். கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்திருக்கும் கூலிப் பையன்களை லாரியில் ஏற்றிப் படம் பிடித்துப் போட்டது போதும். கடையை வாடகைக்கு விட்டவரை நீதிமன்றத்தில் நிறுத்துங்கள். அந்த வளாகத்தின் வணிக உரிமத்தை நிரந்தரமாக ரத்து செய்யுங்கள். குடும்பத்தார் புகார் கொடுக்க ஒரு தனிப் பிரிவை மாநில அரசு திறக்கட்டும். முடியாது என்றால், ஏன் முடியாது என்பதைப் பொறுப்பிலுள்ள ஆட்சிக்குழு உறுப்பினர் எங்கள் தாமானுக்கு வந்து நேரில் சொல்லட்டும். ஆண்டுக்கு இரண்டு முறை மதிப்பீட்டு வரி கட்டும் எங்களுக்கு அந்தப் பதிலைக் கேட்கும் உரிமை இருக்கிறது.

இப்படிக்கு,
கவலையும் கோபமும் கொண்ட ஒரு வாசகி,
மாசாய், ஜொகூர்.